.315 ரைஃபிளுக்கு ட்ரிகர் மாற்ற வேண்டும், அவசரம்

சாயல்குடி_மிளகாய்:
வணக்கம். வீட்டில் .315 ரைஃபிள் இருக்கிறது. ட்ரிகர் திடீரென்று ரொம்பக் கனமாகிவிட்டது. முன்னெல்லாம் இரண்டு கட்டமாக இழுபடும், இப்போது முதல் கட்டமே இல்லை. டிம்னி என்ற அமெரிக்கக் கம்பெனியின் ட்ரிகர் போட்டால் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். ரிமிங்டன் 700-க்கு இரண்டு பின்னைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை மாட்டிவிட்டார்கள். நமக்கு எங்கே கிடைக்கும்? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
எந்த .315? இஷாப்பூர் ரைஃபிளா, வேறு ஏதாவதா? எந்தக் காலத்துத் துப்பாக்கி? லைசன்ஸ் யார் பெயரில் இருக்கிறது?

பாம்பன்_காற்று:
அண்ணே, "திடீரென்று" என்றால் எப்போதிலிருந்து? மழைக்கு முன்னாலா, பின்னாலா?

தேங்காய்மட்டை:
எண்ணெய்ப் பிசுக்குதான், வேறொன்றும் இருக்காது. நம் பக்கம் உப்புக்காற்றுக்குப் பயந்து எல்லோரும் தேங்காய் எண்ணெயைத் தடவி வைத்துவிடுகிறோம். அது நாள்பட்டால் பசையாகி, சியர் (ட்ரிகரை இழுக்கும்வரை சுடும் ஊசியைப் பிடித்து வைக்கும் கொக்கி) ஸ்பிரிங் இடுக்கில் தூசியோடு சேர்ந்து இறுகிவிடும். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். என் மாமாவின் துப்பாக்கி இப்படித்தான் சரியானது.

ஓய்வு_ஆர்மரர்:
வீடியோ பார்த்துவிட்டு வந்து கேட்பவர்களுக்கு எத்தனை முறை சொல்வது என்று தெரியவில்லை. ரிமிங்டன் 700-இல் ட்ரிகர் தனிப் பெட்டியாக இருக்கும், கழற்றி வேறு மாட்டலாம். இஷாப்பூர் .315 என்பது லீ-என்ஃபீல்டு என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளின் வம்சம். அதில் பெட்டியே கிடையாது. ரிசீவருக்கு (போல்ட் ஓடும் இரும்பு உடல்) அடியில் சியர் தனி, ட்ரிகர் தனி. டிம்னி பட்டியலில் "என்ஃபீல்டு" என்று பார்த்திருப்பீர்கள். அது பேட்டர்ன் 14, மாடல் 1917 துப்பாக்கிகளுக்கு. அவை ஜெர்மன் மவுசர் வழியில் வந்தவை. பெயர் ஒன்று என்பதற்காகப் பொருந்திவிடாது. அடிப்படை தெரிந்துகொண்டு கேள்வி கேளுங்கள்.

வைகைக்கரை:
ஐயா சொன்னது சரி. இன்னொன்றும் இருக்கிறது. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகமும் ஆயுதக் கணக்கில்தான் வரும். வெளிநாட்டிலிருந்து ட்ரிகர் வரவழைத்தால் கஸ்டம்ஸில் மாட்டிக்கொள்வீர்கள், தம்பி. அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

சாயல்குடி_மிளகாய்:
இஷாப்பூர்தான். அப்பாவுடையது. இப்போது லைசன்ஸ் என் பெயருக்கு மாற்றியாகிவிட்டது, பயிர்ப் பாதுகாப்புக்காக வாங்கியது. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிவிட்டேன், மாற்றம் இல்லை. சியர் முனையைச் சாணைக்கல்லில் லேசாகத் தேய்த்தால் கனம் குறையும் என்று இங்கே லேத் பட்டறைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?

பாம்பன்_காற்று:
வேண்டாம் அண்ணே! தயவு செய்து வேண்டாம். சியர் முனை மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட இரும்பு. அந்தத் தோல் மெல்லியது. தேய்த்தால் உள்ளே இருக்கும் மெத்தென்ற இரும்பு வெளியே வந்துவிடும், கொஞ்ச நாளில் முனை மழுங்கும். கோணம் சற்று மாறினாலும் போல்ட்டை மூடும்போதே காக்கிங் பீஸ் (சுடும் ஊசியின் பின்பகுதி, சியர் பிடிப்பது இதைத்தான்) நழுவி வெடிக்கலாம். லீ-என்ஃபீல்டில் போல்ட்டைத் தள்ளி மூடும்போதுதான் காக் ஆகும், அதாவது சுடத் தயாராகும் என்பதை மறக்காதீர்கள்.

ஓய்வு_ஆர்மரர்:
லேத் பட்டறையில் துப்பாக்கி வேலையா? ரிப்பேர் செய்யவும் தனி லைசன்ஸ் வேண்டும். கொடுப்பவருக்கும் வம்பு, வாங்குபவருக்கும் வம்பு.

செங்கால்நாரை:
பயிர்ப் பாதுகாப்பு என்கிறீர்களே, இந்த .315-ஐ வைத்துப் பன்றியைச் சுடப் போகிறீர்களா? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அனுமதியில்லாமல் சுட்டால் ஜெயில்.

கமுதி_கடலை:
நீங்கள் எங்கே உட்கார்ந்து சொல்கிறீர்களோ தெரியவில்லை. எங்கள் பக்கம் வந்து பாருங்கள். சீமைக் கருவேலம் முழுக்கப் பன்றி. ராத்திரியில் கூட்டமாக வந்து கடலைக் கொல்லையை மூக்கால் உழுதுவிட்டுப் போய்விடும். காலையில் போனால் செடி ஒரு பக்கம், பிஞ்சு ஒரு பக்கம் கிடக்கும். துப்பாக்கி லைசன்ஸ் எதற்குக் கொடுக்கிறார்கள், பூஜை அறையில் வைக்கவா?

செங்கால்நாரை:
உங்கள் நஷ்டம் உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2025 ஜனவரியில் தமிழக அரசு சட்டமன்றத்தில் தெளிவாகச் சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறைப் பணியாளர்கள்தான் சுட வேண்டும். விவசாயி சுடலாம் என்று அதில் இல்லை.

கமுதி_கடலை:
வனத்துறை வந்து சேர்வதற்குள் விளைச்சல் போய்விடுமே. கேரளாவில் 2022-இல் பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவு போடலாம், லைசன்ஸ் வைத்திருப்பவரைக் கூப்பிட்டுச் சுடச் சொல்லலாம் என்று அரசு முடிவு செய்தது. இங்கே அது வந்தால் என்ன குறைந்துவிடும்?

தேங்காய்மட்டை:
கேரளாவிலும் இஷ்டத்துக்குச் சுட முடியாது. யார் சுடுவது, உடலை எப்படிப் புதைப்பது என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது.

வைகைக்கரை:
பன்றி வழக்கைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, நீங்கள் இன்னும் ஒன்று சொல்லவில்லை. கனமாவதற்கு முன் துப்பாக்கியில் என்ன வேலை நடந்தது? துப்பாக்கியின் மரக்கட்டையைக் கழற்றினீர்களா?

சாயல்குடி_மிளகாய்:
ஆமாம், கழற்றினேன். அது முக்கியமா? தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைத்திருந்தோம். திரும்பி வந்தபோது மரம் ஈரமாக இருந்தது, அடியில் துரு. அதனால் முன்கட்டையைக் கழற்றி மாடியில் நன்றாக வெயிலில் போட்டு, எண்ணெய் தேய்த்து மாட்டினேன். ஸ்க்ரூவையெல்லாம் இறுக்கமாக முடுக்கிவிட்டேன். இப்போது சில நேரம் ட்ரிகர் கொஞ்ச தூரத்திலேயே சட்டென்று விட்டுவிடுகிறது.

வைகைக்கரை:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் சாணைக்கல் பேச்சே வந்திருக்காது. தோட்டா எதுவும் வைக்காதீர்கள். மேகசினைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், ட்ரிகரைத் தாங்கும் சின்னக் கம்பி எதில் மாட்டியிருக்கிறது? கீழே ட்ரிகர் கார்டிலா (ட்ரிகரைச் சுற்றியுள்ள இரும்பு வளைவு), மேலே ரிசீவரிலா?

சாயல்குடி_மிளகாய்:
கார்டில்.

வைகைக்கரை:
அப்போது விஷயம் இதுதான். ட்ரிகர் கார்டில் தொங்குகிறது, சியர் ரிசீவரில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் மரம். ட்ரிகரின் மேல்பக்கம் இரண்டு மேடு இருக்கும். முதல் மேடு சியரைத் தொட்டுத் தள்ளுவது முதல் இழுப்பு, இரண்டாவது மேடு தொடும்போது கனமான இரண்டாம் இழுப்பு. மரம் ஊதினால் கார்டு கீழே இறங்கும், ட்ரிகர் வெறுமனே ஆடும். மரம் வற்றினாலோ ஸ்க்ரூவை நெரித்து முடுக்கினாலோ கார்டு மேலே ஏறிவிடும். காக் செய்த நிலையிலேயே இரண்டாவது மேடு சியரில் போய் உட்கார்ந்திருக்கும். முதல் கட்டம் காணாமல் போனது அதனால்தான். காக்கிங் பீஸைச் சியர் பிடித்திருக்கும் அளவும் குறைந்திருக்கும், சட்டென்று விடுவது அதனால். கனம் வெறும் தொல்லை, இதுதான் ஆபத்து.

கார்டின் முன் ஸ்க்ரூ போகும் துளையில், மரத்துக்குள் சின்ன இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று இருக்க வேண்டும். மரத்தை அளவுக்கு மேல் நெரிக்கவிடாமல் தாங்குவது அதுதான். கழற்றும்போது கீழே விழுந்திருக்கலாம். இருக்கிறதா?

ஓய்வு_ஆர்மரர்:
குழாய் இல்லாமல் மாட்டியிருந்தால் அந்தத் துப்பாக்கியைத் தொடாதீர்கள். வைகைக்கரை சொன்னதில் விட்டுப்போனதைச் சேர்க்கிறேன். பழைய ராணுவ அளவு முதல் இழுப்பு 3 முதல் 4 பவுண்டு, இரண்டாவது 5 முதல் 6 பவுண்டு. ஏலக்கூடத்தில் மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசு போதும். தூண்டில் நரம்பில் வளையம் போட்டு ட்ரிகரில் மாட்டி, நேர் பின்னால் இழுத்துப் பாருங்கள். கிலோவில் 1.4 முதல் 1.8, பிறகு 2.3 முதல் 2.7. இதற்குக் கீழே கொண்டுபோக ஆசைப்பட வேண்டாம். வயலில் எடுத்துப்போகும் துப்பாக்கிக்குப் போட்டித் துப்பாக்கி ட்ரிகர் தேவையில்லை.

பாம்பன்_காற்று:
சரி செய்த பிறகு ஒரு சோதனை. சேம்பரும் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) மேகசினும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். போல்ட்டை வேகமாக மூடுங்கள். காக் ஆன நிலையில் கட்டையின் அடியை ரப்பர் மிதியடியில் நன்றாகத் தட்டுங்கள். திரும்பத் திரும்பச் செய்யுங்கள். காக்கிங் பீஸ் ஒரு தடவை நழுவினாலும் சுடக் கூடாது.

தேங்காய்மட்டை:
அப்போது எண்ணெய் காரணமே இல்லை என்கிறீர்களா? என் மாமா துப்பாக்கி எண்ணெயால்தான் கெட்டது.

பாம்பன்_காற்று:
உங்கள் மாமா விஷயத்தில் அது காரணமாக இருந்திருக்கலாம். இங்கே மரத்தைக் கழற்றிய பிறகுதான் முதல் இழுப்பு போயிருக்கிறது. தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்பதில் நான் உங்கள் பக்கம்.

கமுதி_கடலை:
செங்கால்நாரை, பன்றி இழை திறந்துவிட்டேன். அங்கே வாருங்கள், பேசுவோம்.

சாயல்குடி_மிளகாய்:
குழாய் மாடியில் தொட்டிக்கு அடியில் கிடந்தது. மதுரையில் லைசன்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் கொடுத்து மாட்டி வாங்கிவிட்டேன். முதல் இழுப்பு வந்துவிட்டது, தட்டிப் பார்த்ததில் நழுவவில்லை. டிம்னி வேண்டாம். எல்லோருக்கும் நன்றி.

வைகைக்கரை:
சந்தோஷம் தம்பி. குழாய் முனையும் மரமும் சமமாக இருக்கிறதா என்று கடையில் பார்த்தார்களா? வெயிலில் காய்ந்த மரம் ஐப்பசி மழையில் மறுபடி ஊதும். அடைமழை முடிந்ததும் தராசில் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்து அளவை இங்கே போடுங்கள்.

ஓய்வு_ஆர்மரர்:
கடைக்காரர் எவ்வளவு வாங்கினார்? சொன்னால் மற்றவர்களுக்கும் உதவும்.