ஃபிறிட்ஜைத் தொட்டால் சுள்ளெண்டுது: பிழை சொக்கற்றிலயோ எர்த்திலயோ?

கொக்குவில்வாசி:
வணக்கம். பழைய வீடு, பின்பக்கம் குசினி புதுசாக் கட்டேக்க சொக்கற் எல்லாம் 13 அம்பியர் சதுரமா மாத்தினது. இப்ப வெறுங்காலோட சீமெந்து நிலத்தில நிண்டு ஃபிறிட்ஜ் கதவைத் தொட்டால் விரல் சுள்ளெண்டுது. வாஷிங் மெசினிலயும் அப்பிடித்தான். சோளகம் தொடங்கினாப் பிறகு கூடிப்போச்சு. ட்ரிப் சுவிச்சில (கறண்ட் கசிஞ்சால் தானா விழுற சுவிச்) ரெஸ்ற் பட்டனை அமத்தினால் உடன விழுது, அதால எர்த் சரியெண்டு வயரிங் செய்தவர் சொல்லுறார். இன்னொருத்தர், சொக்கற்றுக்குள்ள நியூட்ரலையும் (கறண்ட் திரும்பிப் போற வயர்) எர்த்தையும் ஒரு துண்டு வயரால இணைச்சு விட்டால் நிண்டிடும் எண்டுறார். செய்யலாமோ?

பிளையர்:
அந்தத் துண்டு வயரை மட்டும் போட்டிடாதேங்கோ. போஸ்ரில இருந்து வாற நியூட்ரல் காத்துக்குக் கழண்டால், எரிஞ்சுகொண்டிருக்கிற ஒரு பல்புக்குள்ளால லைன் (கறண்ட் வாற வயர்) திரும்பி வந்து ஃபிறிட்ஜ் உடம்பில 230 வோல்ற் நிக்கும். ஆள் தொடுமட்டும் ட்ரிப் சுவிச்சுக்கு ஒண்டும் தெரியாது. எர்த் நல்லா இருக்கிற வீட்டில உந்த வேலையைச் செய்தால், நியூட்ரலால போற கறண்டில ஒரு பங்கு எர்த்தால போய் சுவிச் விழுந்துகொண்டே இருக்கும். பிறகு ஆரும் அந்த சுவிச்சையே கழட்டச் சொல்லுவினம்.

ரெஸ்ற் பட்டன் எர்த்தைப் பாக்கிறேல்லை. சுவிச்சுக்குள்ள இருக்கிற ஒரு றெசிஸ்ரர் வழியா லைனில இருந்து நியூட்ரலுக்குச் சுத்துவழியாக் கொஞ்சக் கறண்டை விட்டு, பொறிமுறை வேலை செய்யுதோ எண்டு மட்டும் பாக்கும். எர்த் வயரைப் பிடுங்கி எறிஞ்சாலும் பட்டனுக்குச் சுவிச் விழும்.

ஃபிறிட்ஜிலயும் வாஷிங் மெசினிலயும் ஒரே மாதிரி அடிக்குதெண்டால் பெரும்பாலும் இரண்டும் பழுதில்லை. வீட்டு எர்த் வயர் எல்லாம் ஒண்டோட ஒண்டு சேர்ந்திருக்கு, நிலத்துக்குப் போகேல்லை. ஒரு சாமானில கசியிறது மற்ற எல்லாத்தின்ர உடம்புக்கும் போகுது. ஒவ்வொரு பிளக்காக் கழட்டிப் பாருங்கோ. எதைக் கழட்ட நிக்குதோ அதுதான் கூடக் கசியிறது. ஆனால் அதைத் திருத்தினாலும் எர்த் இல்லாத குறை அப்பிடியே இருக்கும்.

மல்ரிமீற்றரால அளந்தால் லைன்–நியூட்ரல் 230, லைன்–எர்த் 230, நியூட்ரல்–எர்த் ஒண்டு இரண்டு வோல்ற் வரவேணும். லைன்–எர்த் 120, நியூட்ரல்–எர்த் 110 மாதிரிப் பிரிஞ்சு காட்டினால் எர்த் அந்தரத்தில நிக்குது. ஆனால் 230 காட்டினாலும் நம்பி இருந்திடாதேங்கோ. மீற்றரின்ர தடை மெகா ஓம் கணக்கு, அதால 1000 ஓம் எர்த்தும் அதுக்கு நல்ல எர்த் மாதிரித்தான் தெரியும்.

செம்மண்:
பிளையர் அண்ணை சொன்னது சரி. வலிகாமத்தில பிழை கூடுதலா எர்த் கம்பி இறக்கிற குழியடியிலதான். மேல செம்மண், ஓரடி இரண்டடியில சுண்ணக்கல்லு. 4 அடிக் கம்பி கல்லில முட்டினால் மேல்பாதியை அறுத்துப்போட்டு கிளாம்பைப் பூட்டிவிட்டுப் போற ஆக்களும் இருக்கினம். மாரியில ஈரம் இருக்கேக்க தெரியாது, ஆடி ஆவணியில மண் காய எர்த் போயிடும்.

எங்கட பக்கம் வீட்டு எர்த் வீட்டுக் குழியை நம்பித்தான் இருக்கு. ஓரளவு ஈரமான மண்ணில ஒழுங்கா இறங்கின 4 அடிக் கம்பிக்கே 70 ஓம் வரை வரலாம். ட்ரான்ஸ்போமர் பக்கம் 10 ஓம் எண்டு வைச்சால், லைன் உடம்பில முட்டேக்க 230ஐ 80ஆல பிரிக்க 2.9 அம்பியர் மட்டும்தான் ஓடும். 13 அம்பியர் பியூசும் போகாது, 16 அம்பியர் பிறேக்கரும் விழாது, உடம்பில 200 வோல்ற் கிட்ட நிண்டுகொண்டிருக்கும். அதை வெட்டுறது 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் மட்டும்தான். அதுக்கு 70 ஓம் தாராளம். 200 ஓமுக்கு மேல போனால் காய்ஞ்ச மாதத்தில நம்பேலாது.

கம்பி இறங்காட்டில் மல்லுக்கட்டாமல் கிடையாத் தாழுங்கோ. இரண்டடி ஆழத்தில 10 மீற்றர் கான் வெட்டி 25 சதுர மில்லிமீற்றர் வெறும் செப்புக் கம்பியோ 25×3 மில்லிமீற்றர் செப்புப் பட்டியோ போட்டு, கல்லு பொறுக்கின செம்மண்ணால மூடி அடிக்கவேணும். குளிக்கிற தண்ணி ஓடுற கிணத்தடி வாழைப்பாத்திப் பக்கம் நல்ல இடம், வருசம் முழுக்க ஈரம். இரண்டு கம்பி அடிக்கிறதெண்டால் இடையில 8 அடியாவது விடுங்கோ, பக்கத்தில பக்கத்தில அடிச்சுப் பிரயோசனமில்லை. உப்பும் கரியும் போடுற பழக்கத்தை விட்டால் நல்லம். உப்பு கிளாம்பைத் திண்டிடும், மழைக்குக் கரைஞ்சு கிணத்துக்கும் போகும். பெண்டனைற் களி போடலாம்.

கொக்குவில்வாசி:
நன்றி. எர்த் குழி மூடியைத் திறந்து பாத்தன். கம்பி இரும்பு, எர்த் வயரைச் சும்மா சுத்தி முறுக்கி விட்டிருக்கு, பச்சையாப் பூத்துப்போச்சு. 100 வோற் பல்பு ஒண்டை லைனுக்கும் எர்த்துக்கும் இடையில பிடிச்சால் எர்த் எவ்வளவு நல்லமெண்டு தெரியுமெண்டு கேள்வி. பாக்கட்டோ?

பிளையர்:
வேண்டாம்! எர்த் அறுந்த வீட்டில அந்தப் பல்பு வழியா லைன் எல்லாச் சாமானின்ர உடம்புக்கும் போகும். குசினியில ஆரும் கேத்திலைத் தொட்டுக்கொண்டிருந்தால் என்ன செய்வியள்? லைசன்ஸ் உள்ள வயர்மனைக் கூப்பிட்டு எர்த் ரெஸ்ரரால அளப்பியுங்கோ. அளக்கேக்க மெயினை நிப்பாட்டித்தான் எர்த் வயரைக் கழட்டவேணும். முறுக்கின இடத்தில செப்பும் இரும்பும் ஈரத்தில சேர்ந்து அரிச்சிருக்கு. செப்புப் பூசின கம்பி, அதுக்குரிய பித்தளைக் கிளாம்ப், மெயினுக்குப் போற எர்த் 7/1.04 பச்சை மஞ்சள் வயர், கிளாம்புக்கு மேல கிறீஸ். மூடியைச் சீமெந்தால பூசிப்போடாதேங்கோ, வருசத்தில ஒருக்கா, ஆவணி மாதிரிக் காய்ஞ்ச நேரமாப் பாத்து, திறந்து பாக்கவேணும்.

மூண்டுகால்:
குழி சரியானாலும் பிளக்கில எர்த் அறும். 13 அம்பியர் சொக்கற்றின்ர மேல் ஓட்டைக்குள்ள ஸ்குறூ றைவரை விட்டு 2 கால் வட்டப் பிளக் குத்துற பழக்கம் வீட்டுக்கு வீடு. எர்த் கால் மற்ற இரண்டையும் விட நீளம், அது முதல் போய்த்தான் கீழ் மூடியைத் திறக்கும். வட்டக் கால் குத்தினால் உள்ளுக்க தகடு விரிஞ்சுபோகும், பிறகு சதுரப் பிளக் ஆடும், சூடேறும், சொக்கற் முகம் மண்ணிறமாகும். அப்பிடி ஆன சொக்கற்றை உடன மாத்துங்கோ. வட்டப் பிளக்கில பியூசும் இல்லை, மெல்லிய வயர் எரியுமட்டும் பிறேக்கர் பாத்துக்கொண்டிருக்கும்.

பிளக் பூட்டேக்க, திறந்த பிளக்கை எர்த் கால் மேல வரப் பிடிச்சால் மண்ணிறம் வலது, பியூஸ் பக்கம். நீலம் இடது, பச்சை மஞ்சள் மேல. பச்சை மஞ்சளை மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் நீளமா விடுங்கோ, ஆரும் வயரைப் பிடிச்சு இழுத்தால் அது கடைசியாக் கழரவேணும். பிடிகிளாம்ப் வெளித்தோலைத்தான் கவ்வவேணும், உள் வயரையில்லை. முனைக்கு ஈயம் பூசவேண்டாம், ஈயம் நாளடைவில நசிஞ்சு ஸ்குறூ தளரும். பியூஸ்: 700 வோற் வரைக்கும் 3 அம்பியர், 2000 வோற் கேத்தில் 8.7 அம்பியர் இழுக்கும், அதுக்கு 13. ரிவிக்கு 13 போட்டு விக்கிற பிளக்தான் கடையில கூட, வாங்கினோடன திறந்து பாருங்கோ.

கொக்குவில்வாசி:
கிணத்து மோட்டருக்கு 5 அம்பியர் வட்டப் பிளக்தான் இருக்கு. சொக்கற்றும் கிணத்தடிச் சுவரில வெளியாலதான்.

மூண்டுகால்:
மோட்டர் எத்தினை குதிரை எண்டு தகட்டைப் பாத்து எழுதுங்கோ. அதுமட்டும் மெயினை நிப்பாட்டாமல் மோட்டர் உடம்பைத் தொடாதேங்கோ, ஈர நிலத்தில நிண்டு சொக்கற்றையும் தொடவேண்டாம். அங்க மழை படாத மூடி போட்ட சொக்கற்தான் வேணும், லைன் ட்ரிப் சுவிச்சுக்குப் பின்னாலதான் எடுத்திருக்கோ எண்டும் பாருங்கோ. சில வீட்டில மோட்டருக்கு மட்டும் மீற்றரடியில இருந்து நேர இழுத்திருக்கும்.