அலைவரிசை பங்கீடு பற்றி ஆருக்கும் விளக்கமாத் தெரியுமோ?

வணக்கம் அண்ணாமார் அக்காமார். எங்கட ஊர் வாசிகசாலையில ஏ.எல். பிள்ளையளுக்கு வானொலி பற்றி ஒருக்கா கதைக்கச் சொல்லி கேட்டிருக்கினம், நானும் ஓமெண்டிட்டன், இப்ப ஒரு இடத்தில நிக்கிறன்.

தெரிஞ்சது இவ்வளவுதான். ஐ.டி.யு. எண்ட சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் உலகத்தை மூண்டு வலயமாப் பிரிச்சிருக்கு, நாங்கள் மூண்டாவது, அவையள் எந்த அலைவரிசைப் பட்டை ஒலிபரப்புக்கு எண்டு மட்டும்தான் சொல்லுவினம், அரசாங்க வானொலிக்கோ தனியாருக்கோ எண்டு பிரிக்கிறது அந்தந்த நாடு. இங்க இலங்கையில அது 1991ஆம் ஆண்டு 25ஆம் இலக்கச் சட்டத்துக்குக் கீழ தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின்ர வேலை. மத்திய அலையில எங்கட வலயத்தில ஒவ்வொரு 9 கிலோஹேர்ட்ஸுக்கும் ஒரு இடம். அப்பாவின்ர பழைய றேடியோவில திருச்சி 936இல வரும், 9ஆல வகுத்துப் பாருங்கோ, சரியா 104. இதைப் பிள்ளையளுக்குக் காட்டினா கட்டாயம் பிடிக்கும்.

ஆனா எஃப்.எம். 87.5இல இருந்து 108 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும்தானே, அதுக்குள்ள இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்கெண்டு சட்டப்படி ஒதுக்கின பங்கு இருக்கோ, இல்லாட்டி அவையும் மற்றவை மாதிரி விண்ணப்பிச்சுத்தான் எடுக்கவேணுமோ? பருத்தித்துறைப் பக்கம் வெயில் காலத்துப் பின்னேரங்களில தமிழ்நாட்டு எஃப்.எம். எங்கட நிலையத்துக்கு மேல ஏறி வருது, அதை ரெண்டு நாடும் முன்கூட்டியே பேசித்தான் அலைவரிசை குடுக்கிறவையோ?

ஒலிபரப்பில வேலை செய்தவை, பொறியியல் படிச்சவை ஆரும் இருந்தா தயவுசெய்து எழுதுங்கோ. வாற சனிக்கிழமைக்கு முதல் கிடைச்சா பெரிய உதவி.