தயிரின் பிஎச் அளவில் தடுமாற்றம்: மின்முனையை மாற்றுவதா, கழுவிப் பார்ப்பதா?

தயிர்மேசை (கேள்வி)

வணக்கம். சிறிய பால் நிறுவனம் ஒன்றின் தரப்பரிசோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். வரும் பாலையும், உறையும் தயிரையும் ஒரே பிஎச் மின்முனையால்தான் (அமிலத்தன்மையை அளக்கும் மீட்டரின், நுனியில் குமிழ் உள்ள கண்ணாடிக் கோல்) அளக்கிறோம். தயிரின் பிஎச் 4.6-க்கு இறங்கியதும் அதைக் குளிரறைக்கு மாற்றிவிட வேண்டும். மூன்று வாரங்களாக மீட்டர் 4.8-இல் நின்றுகொண்டு மிக மெதுவாகவே இறங்குகிறது; எண் நிலைக்கட்டும் என்று காத்திருந்த ஒரு நாள், தொட்டித் தயிர் முழுவதும் அதிகமாகப் புளித்துவிட்டது.

பஃபர் கரைசல்களை (பிஎச் மதிப்பு முன்பே தெரிந்த சோதனைக் கரைசல்கள்) 25 டிகிரி செல்சியஸில் வைத்துப் பார்த்தபோது 7.00 பஃபரில் −12 மில்லிவோல்ட்டும், 4.01 பஃபரில் +144 மில்லிவோல்ட்டும் காட்டியது. எண் அடங்க இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் ஊறவைத்தும் மாற்றமில்லை. ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் மின்முனையை வாலை வடிநீரில் கழுவி, மெல்லிய தாளால் நன்றாகத் துடைத்து, இரவில் வடிநீர்க் குவளையிலேயே விட்டுச் செல்கிறோம். வாங்கிப் பதினான்கு மாதங்கள்தான் ஆகின்றன. இதன் ஆயுள் முடிந்துவிட்டதா?

கண்ணாடிக்குமிழ்

மில்லிவோல்ட் கணக்கைக் கொடுத்தது நல்லதாயிற்று. பலர் பிஎச் எண்ணை மட்டும் எழுதிவிட்டுக் காரணம் கேட்பார்கள். 25 டிகிரியில் ஒரு பிஎச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் என்பதால் 7.00-க்கும் 4.01-க்கும் இடையே ஏறத்தாழ 177 மில்லிவோல்ட் வேறுபாடு இருக்க வேண்டும். உங்களுக்குக் கிடைத்திருப்பது 156. அதாவது சாய்வு (இருக்க வேண்டிய வேறுபாட்டில் கிடைத்த பங்கு) 88 விழுக்காடு. 95-க்குக் கீழே போனாலே மின்முனையைக் கழுவிவிட வேண்டும். ஆனால் 7.00 பஃபரில் −12 என்பது ±30 என்ற வழக்கமான எல்லைக்குள் இருப்பதால், உள்ளே இருக்கும் ஒப்பீட்டுப் பகுதி (மாறாத மின்னழுத்தம் தரும் வெள்ளிக் கம்பியும் அதைச் சூழ்ந்த உப்புத் திரவமும்) கெடவில்லை என்றே கருதுகிறேன். கண்ணாடிக் குமிழின் மேலும், அதன் பக்கத்தில் உள்ள நுண்துளைச் சந்தியிலும் (உள்திரவம் மாதிரியைத் தொடும் இடம்) பால் புரதம் படிந்திருக்க வேண்டும்.

அமிலம் ஏன் பலிக்கவில்லை என்றால், அது கரைப்பது சுண்ணாம்புப் படிவு போன்ற உப்புகளைத்தான். உலர்ந்து ஒட்டிய புரதப் படலம் அதற்கு எளிதில் அசையாது. புரதத்தைச் செரிக்க நம் வயிறு செய்வதையே இங்கும் செய்ய வேண்டும், அதாவது அமிலத்தோடு பெப்சின் என்ற செரிமான நொதி சேர வேண்டும். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லிக்கு 5 கிராம் பெப்சின் கலந்து, குமிழும் சந்தியும் மூழ்கும்படி அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஊறவிடுங்கள். கரைசலை அன்றன்றே தயாரியுங்கள். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். பிறகு நீரில் நன்கு அலசி, உள்ளே உள்ள பழைய திரவத்தை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பி, 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் சில மணி நேரம் வைத்த பின்பே பஃபரில் சோதியுங்கள்.

உப்புப்பாலம்

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் உங்கள் அன்றாடப் பழக்கம் மாறாவிட்டால் அடுத்த மாதமே இதே கேள்வியோடு வருவீர்கள். வடிநீரில் இரவெல்லாம் வைப்பதுதான் பெரிய பிழை. குமிழின் மேற்பரப்பில் நீரை ஏற்ற மெல்லிய கூழ்ப்படலம் ஒன்று உண்டு. அதிலுள்ள அயனிகள் வடிநீருக்குள் கசிந்துவிடும். சந்தியின் வழியாக உள்திரவமும் நீர்த்துப்போகும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில்தான் வைக்க வேண்டும். 100 மில்லி கரைசலுக்கு 22.4 கிராம் பொட்டாசியம் குளோரைடு போதும்.

துடைப்பதையும் நிறுத்துங்கள். தாளால் தேய்த்தால் கண்ணாடியில் நிலைமின்னூட்டம் ஏறி எண் அலையும், படலமும் கீறப்படும். நீர்த்துளியைத் தாளின் ஓரத்தால் ஒற்றி எடுத்தாலே போதும். தயிரிலிருந்து எடுத்த உடனே, காய்வதற்கு முன், வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள்; கொதிநீர் வேண்டாம், புரதம் இறுகிவிடும்.

இன்னொன்று, அளக்கும்போது நிரப்பு துளையின் (உள்திரவத்தை ஊற்றும் துளை) மூடியைத் திறந்து வைக்கிறீர்களா? மூடியே இருந்தால் உள்திரவம் வெளியே கசியாது, சந்தி அடைபட அதுவே வழி வகுக்கும். உள்திரவத்தின் மட்டம் மாதிரியின் மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும்.

பழுதுபார்ப்பவர்

ஓர் எச்சரிக்கை மட்டும். அம்மோனியம் பைஃபுளோரைடில் தோய்த்தால் மின்முனைக்கு உயிர் வரும் என்று யாராவது சொல்வார்கள். அது கண்ணாடியின் மேல்தோலையே அரித்து எடுக்கும், தோலுக்கும் மிக ஆபத்தானது; கைவிடப்போகும் மின்முனைக்கான கடைசி முயற்சி அது, உங்களுக்குத் தேவையில்லை.

நான் பார்ப்பது தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர். முடி நீக்கச் சோடியம் சல்ஃபைடு பயன்படுத்துவதால் அங்கே சந்தி வெள்ளி சல்ஃபைடால் கறுத்துப்போகும். அதற்குப் பெப்சின் உதவாது, அமிலத்தில் கரைத்த தயோயூரியாதான் வேண்டும். அழுக்கு எதுவென்று தெரியாமல் கரைசலைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தயிர்மேசை

அனைவருக்கும் நன்றி. நீங்கள் ஊகித்தபடியே நிரப்பு துளை மூடியே இருந்தது; அதைத் திறக்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. பெப்சினில் ஒரு மணி நேரம் ஊறவைத்து எடுத்தபோது, சந்தியின் வாயில் வெண்மையான நூல் போன்ற ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது; நீரைப் பீய்ச்சியதும் கழன்று விழுந்தது. மறுநாள் காலையில் −7, +163 மில்லிவோல்ட். கணக்கிட்டால் 96 விழுக்காடு. 4.01 பஃபரில் இருபது நொடிகளுக்குள் எண் நிலைத்துவிடுகிறது. பெப்சினில் வாரந்தோறும் ஊறவைக்கலாமா?

கண்ணாடிக்குமிழ்

நாள் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். தினமும் காலையில் இரண்டு பஃபர்களின் மில்லிவோல்ட்டையும் பதிவேட்டில் எழுதி வாருங்கள். வேறுபாடு 168-க்கு, அதாவது 95 விழுக்காட்டுக்கு, கீழே இறங்கும் நாளில் ஊறவையுங்கள். கோடையில் பஃபர் 32 டிகிரியில் இருந்தால் ஓர் அலகுக்கு 60.5 மில்லிவோல்ட் என்று கணக்கு மாறும், பஃபரின் மதிப்பும் சற்று நகரும்; புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வாங்கும்போது இரட்டைச் சந்தி (வெள்ளி உள்ள திரவத்துக்கும் மாதிரிக்கும் இடையே இன்னோர் அறை) உள்ளதாகக் கேளுங்கள். பால் புரதம் வெள்ளி அயனிகளோடு சேர்ந்து சந்தியை அடைப்பது அதில் வெகுவாகக் குறையும்.