வெள்ளை அடிக் குஷன்ல ஒட்டிக்கிச்சு: பேங்கா, சேஃப்டியா, ஃபவுலா?

சாக்குப்பொடி | சனி இரவு 11.48

இப்பதான் தோத்துட்டு வீட்டுக்கு வந்தேன். தூக்கம் வரல, அதான் இங்க கொட்டுறேன். மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் டவுன்ல நாங்க வழக்கமா பூல் ஆடுற மாடிக்கடை. ஒன் பாக்கெட் ஆட்டம், தோத்தவன் நாலு பேருக்கு ரொட்டி சானாய், தே தாரிக் வாங்கித் தரணும்.

தெரியாதவங்களுக்கு: வெள்ளைன்னா கியூ கோலால நாம அடிக்கிற பந்து, குஷன்னா மேசையோட ரப்பர் ஓரம். பேங்க்னா பந்தைக் குஷன்ல மோத விட்டுப் போடுறது, சேஃப்டின்னா எதிராளிக்கு அடி கிடைக்காம வெள்ளையை விடுறது. மேசையோட அடிப்பக்கம், அதாவது பந்து அடுக்குற கோடியில, ரெண்டு மூலை பாக்கெட் இருக்குல்ல, ஒண்ணு எனக்கு, ஒண்ணு எதிராளிக்கு. நம்பர் போட்ட 15 பந்துல யார் முதல்ல 8 பந்தைத் தன் பாக்கெட்ல போடுறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. எதிராளி பாக்கெட்ல விழுந்தா அவன் கணக்கு. மத்த நாலுல விழுந்தா பந்து திரும்ப ஸ்பாட்டுக்கு, அதாவது அடிப்பக்கத்துல பந்து வைக்கிற புள்ளிக்கு வரும்.

நான் 5 பந்து போட்டிருந்தேன், அவன் 6. மேசையில நாலே பந்து. எதிர்க்கோடியில, அதாவது மேல் பக்கம் நின்னு பார்த்தா இடது மூலை என்னது, வலது மூலை அவனது. 9-ம் நம்பர் பந்து அவன் பாக்கெட்டுக்கு ஒரு டைமண்ட் (மேசை ஓரத்துல உள்ள குறி) மேல, வலது குஷனை விட்டு ரெண்டு விரல் தள்ளி. 12 அடி ஸ்பாட்டுல. 3 என் பக்கக் குஷன்ல ஒட்டி. 14 மேல் கோடியில, வலது பக்கமா, குஷனுக்கு ஒரு சாண் முன்னால. வெள்ளை அடிக் குஷன் நடுவுல அப்படியே ஒட்டிக்கிச்சு.

நான் 12-ஐ நீள பேங்க் அடிச்சேன், மேல் குஷன்ல பட்டுத் திரும்பி என் மூலைக்கு. மழை நாள், மேசைத் துணி ஈரம், அதனால கொஞ்சம் ஓங்கித்தான் அடிச்சேன். 12 பாக்கெட்டுக்கு முன்னாலயே அடிக் குஷன்ல பட்டு, பக்கக் குஷன்லயும் பட்டு, நடுவுக்கு வந்து சாவகாசமா நின்னுச்சு. வெள்ளை நடு மேசையில. அவன் 9-ஐப் போட்டான், அடுத்து 12. முடிஞ்சது கதை. ரொட்டி மட்டும் 11 துண்டு தின்னானுங்க.

அடிச்சது தப்பா, அடிச்ச விதம் தப்பா?

நிரை 37 | ஞாயிறு காலை 6.10

அடிச்சதே தப்பு தம்பி. நான் முப்பது வருசம் ரப்பர் மரத்துல பால் வெட்டினவன். பட்டையில கத்தி ஆழமாப் போனா அன்னிக்குப் பால் கூட வரும், ஆனா மரத்துல காயம் விழும், அப்புறம் அந்த இடத்துல பட்டை முண்டு முண்டா வளரும், கத்தி ஓடாது. நீ ஆழமா வெட்டிட்டே.

12-ஐ வலது பக்கமா மெல்லிசா உரசி, வெள்ளையை மேல் குஷனுக்கு அனுப்பியிருக்கணும். 12 கொஞ்சம் உன் பக்கமா நகரும். வெள்ளை குஷன்ல ஒட்டுனா அவன் கியூவைத் தூக்கி, பந்து தலையில குத்தணும். ஏழு டைமண்ட் தூரத்துல இருக்கிற 9-ஐ அந்த மாதிரி அடிச்சுப் போடட்டும் பார்ப்போம்.

மூணுகுஷன் | ஞாயிறு காலை 9.32

அங்கிள், கோவிச்சுக்காதீங்க, காகிதத்துல மேசையை வரைஞ்சு பார்த்தேன். மேல் குஷன் நடுவுல இருந்து 9-க்கு ஒரு கோடு இழுங்க. அதே கோட்டை நீட்டுங்க. நேரா அவன் பாக்கெட் வாய்க்குள்ள போகுது! கோணம் வெட்டவே வேண்டாம், நேர் பந்து. தூரம்தான், குஷன்ல ஒட்டித்தான் இருக்கு, ஆனா 6 பந்து போட்டவனுக்கு நேர் பந்து காட்டுறது சேஃப்டி இல்லைலா.

வெள்ளையை எங்க ஒளிக்கிறதுன்னு எல்லாரும் பேசுறீங்க. அந்த மேசையில வியாதி வெள்ளை கிடையாது, 9. அது அங்க இருக்கிற வரைக்கும் வெள்ளையை எங்க கொண்டுபோய் வச்சாலும் அவனுக்கு ஏதோ ஒரு வழி இருக்கும்.

நான்னா 9-ஐத்தான் அடிப்பேன். வெள்ளை இருக்கிற இடத்துல இருந்து 9 ஒரு 25 அங்குலம். முழுசா அடிச்சா 9 வலது குஷன்ல பட்டு, மேசையைக் குறுக்கே தாண்டி என் பக்கம் மேல போயிரும். குஷன்ல பட்டதால சட்டப்படி சரியான அடி. வெள்ளை 9 இருந்த இடத்துலயே உட்காரும், அவன் பாக்கெட் வாசல்ல.

சாக்குப்பொடி | ஞாயிறு காலை 9.50

அவன் பாக்கெட் வாசல்லயே வெள்ளையை வச்சிட்டு வர்றதா? அண்ணே, பசியாறினீங்களா இல்லையா?

மூணுகுஷன் | ஞாயிறு காலை 10.05

பசியாறிட்டுத்தான் எழுதுறேன். யோசிச்சுப் பாரு. வெள்ளை அவன் பாக்கெட்டுக்குப் பக்கத்துல இருந்தா, மேசையில உள்ள எல்லாப் பந்தும் பாக்கெட்டை விட்டுத் தள்ளி, வெள்ளைக்கு அந்தப் பக்கம். எதை அடிச்சாலும் பாக்கெட்டை விட்டு விலகித்தான் ஓடும். 12-ஐ அடிச்சா மேல போகும், 3-ஐ அடிச்சா உன் பக்கக் குஷனுக்குப் போகும். நேரா போட ஒரு பந்து கிடையாது. எட்டுப்பந்து ஆடிப் பழகினவனுக்கு இது கண்ணுக்கே தெரியாது, ஏன்னா அங்க ஆறு பாக்கெட்டும் எல்லாருக்கும் சொந்தம்.

நிரை 37 | ஞாயிறு பகல் 12.41

நேர் கோடு விஷயம் சரி. ஒத்துக்கிறேன். ஆனா நான் வெள்ளையை நடுவுல விடச் சொல்லல. அங்க 14 நிக்குதே, அதுக்குப் பின்னால விடணும். 9-க்குப் போற கோட்டை 14 மறைச்சிரும்.

இப்ப உங்க அடிக்கு வர்றேன். 9-க்கும் குஷனுக்கும் நடுவுல ரெண்டு விரல்தான்னு தம்பி எழுதியிருக்கான். முழுசா அடிச்சா 9 குஷன்ல பட்டுத் திரும்பி வெள்ளை மேலயே இடிக்கும். கிஸ். இடிச்சா ரெண்டும் எங்க போகும்னு யாருக்கும் தெரியாது, 9 அவன் வாசல்லயே நின்னாலும் நிக்கும். கிஸ்ஸுக்குப் பயந்து கொஞ்சம் கீழ்ப்பக்கமா அடிச்சீங்கன்னா வெள்ளை வலது பக்கம் சாயும். அங்க என்ன இருக்கு? அவன் பாக்கெட். வெள்ளை உள்ள போனா உங்க கணக்குல ஒரு பந்து குறையும், வெள்ளையும் அவன் கையில.

மூணுகுஷன் | ஞாயிறு பகல் 1.15

கிஸ் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா 14-க்குப் பின்னால ஒரு சாண் இடம். அதுக்குள்ள 100 அங்குலம் தாண்டி வெள்ளையை நிறுத்தணும், அதுவும் ஒரு பந்தை உரசிட்டு, அதுவும் குஷன்ல ஒட்டின வெள்ளையை. என் அடியில ஆபத்து எங்க இருக்குன்னு முன்னாலயே தெரியும். உங்க அடியில வெள்ளை நிக்கிற வரைக்கும் தெரியாது.

பழையசீட்டு | ஞாயிறு பகல் 2.20

ரெண்டு பேரும் அடிக்கிறதைப் பத்தியே பேசுறீங்க. அடிக்காம இருக்கலாமே. வேணும்னே ஃபவுல். எந்தப் பந்தும் குஷனுக்குப் போகாத மாதிரி வெள்ளையை லேசா 12 பக்கம் ஒரு விரல் தள்ளி விடுங்க. உங்களுக்கு ஒரு பந்து போகும், 5 இப்ப 4. அந்தப் பந்து ஸ்பாட்டுக்கு வரும், ஸ்பாட்டுல 12 இருக்கிறதால அதுக்குப் பின்னால, வெள்ளைக்கு முன்னாலயே வந்து நிக்கும். அதே பீடை அவன் தலையில. இது ஏமாத்து இல்லை, சட்டத்துல உள்ள ஆட்டம். தொடர்ந்து மூணு ஃபவுல் பண்ணினாத்தான் ஆட்டம் போகும்.

இந்த ஆட்டமே காசுக்கு ஆடுனவங்க வளர்த்தது. 1961-ல அமெரிக்காவுல ஜான்ஸ்டன் சிட்டியில ஜான்ஸ்கோ சகோதரர்கள் நடத்தின முதல் போட்டியே ஒன் பாக்கெட்தான். பாக்கெட்ல போட்டதை விட அவங்க விட்டுக்கொடுக்காம இருந்ததுதான் அதிகம்.

நிரை 37 | ஞாயிறு பகல் 2.33

5-6-ல ஃபவுலா? கங்காணிகிட்ட முன்பணம் வாங்குற கதை இது. இப்ப 4-6. இவனுக்கு நாலு வேணும், அவனுக்கு ரெண்டு. அவனும் பதிலுக்கு ஒரு ஃபவுல் போட்டா வலிக்குமா? 6-ல இருந்து 5, அவ்வளவுதான். கணக்கு முன்னால இருக்கிறவன்தான் ஃபவுல் விளையாட்டு ஆடலாம்.

பழையசீட்டு | ஞாயிறு பகல் 2.40

அவன் அந்த நிலையில பதில் ஃபவுல் போடுவான்னு எப்படித் தெரியும்? இங்க எழுதின பையன் மாதிரி அவனுக்கும் கை அரிக்கும்.

சாக்குப்பொடி | ஞாயிறு மாலை 4.02

நீங்க எல்லாரும் சொல்றது சரிதான், ஆனா பேங்கை மொத்தமாத் தள்ளி வைக்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். விழுந்திருந்தா 6-6, அடியும் என் கையில. பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர் எஃப்ரென் ரேயஸ், அமெரிக்காவுல டெர்பி சிட்டி போட்டியில இதே ஆட்டத்துல பட்டம் வாங்கினவர். அவர் வீடியோ பாருங்க, எந்த மூலையில இருந்தும் பேங்க் அடிக்கிறார்.

மூணுகுஷன் | ஞாயிறு மாலை 4.30

நீ பார்த்தது வெட்டி ஒட்டின பத்து நிமிசம். முழு ஆட்டத்தைப் பாரு. அந்த மனுசன் பேங்க் அடிக்கும்போது வெள்ளை எங்க போய் நிக்குதுன்னு பாரு. விழுந்தாலும் சரி, விழலைன்னாலும் சரி, எதிராளிக்கு ஒண்ணும் இருக்காது. அந்த மாதிரி பேங்கை நானும் அடிப்பேன். உன் பேங்க்ல வெள்ளை குஷன்ல ஒட்டி இருந்துச்சு, தலையில தான் குத்த முடியும், பின்னால இழுக்க வழியே இல்லை. அது முன்னாலதான் உருளும், நடு மேசைக்கு. அடிக்கிறதுக்கு முன்னாலயே அது எழுதி வச்ச விஷயம். அப்புறம் ஓங்கி அடிச்சேன்னு வேற சொல்றே. ஓங்கி அடிச்சா பேங்க் கோணம் சுருங்கும். அதான் பாக்கெட்டுக்கு முன்னாலயே இறங்கிருச்சு.

சாக்குப்பொடி | திங்கள் இரவு 10.55

இன்னிக்கு மழை இல்லை. அங்கிளும் மூணுகுஷன் அண்ணனும் கடைக்கே வந்துட்டாங்க. (அங்கிள் செம்பனைக் குலை ஏத்துற லாரியில வந்து இறங்கினார், அது தனிக் கதை.) அஞ்சு பந்துக்கும் அடியில சாக்குல குறி போட்டு, ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல வச்சு, ஆளுக்குப் பத்து தடவை அடிச்சோம்.

என் பேங்க்: பத்துல ரெண்டு. விழாத எட்டுல ஆறு தடவை 9 அவனுக்குத் திறந்து கிடந்துச்சு.

அங்கிள் 14-க்குப் பின்னால சரியா நிறுத்தினது மூணு தடவை. நின்ன அந்த மூணும் கண்ணுல ஒத்திக்கலாம், எதிராளிக்கு எதுவுமே தெரியல. மத்ததுல வெள்ளை குஷன்ல பட்டுத் திரும்பி ஒரு முழம் வெளிய வந்துருச்சு. துணி இன்னிக்கு வேகமா இருக்குன்னார்.

மூணுகுஷன் அண்ணனுக்கு ரெண்டு கிஸ், ஒரு தடவை வெள்ளை உள்ள. அந்த உள்ள போனப்ப அங்கிள் சிரிச்ச சிரிப்பு கீழ ஒட்டுக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். மிச்சம் ஏழுலயும் நான் எதிராளியா நின்னு பார்த்தேன். வெள்ளை என் பாக்கெட்டுக்குப் பக்கத்துல, பந்தெல்லாம் தள்ளி. என்ன அடிக்கிறதுன்னே தெரியல. ஏழுல ஒரு தடவை கூட ஒண்ணும் போட முடியல.

ஃபவுலைச் சோதிக்க முடியல. பழையசீட்டு அண்ணன் வரல.

நிரை 37 | செவ்வாய் காலை 5.58

துணி வேகமாத்தான் இருந்துச்சு.

பழையசீட்டு | செவ்வாய் காலை 8.14

நைட் ஷிப்டு. வியாழக்கிழமை வர்றேன், 4-6-னு வச்சு ஆடுவோம், 6 நானா இருக்கேன். ரொட்டிக்கு.

மூணுகுஷன் | செவ்வாய் காலை 8.20

6 நீங்களா? ஃபவுல் போட்டது 4-காரன்தானே. அந்தப் பக்கம் நில்லுங்கண்ணே.