பிரேக் அழுத்தினால் உதறும் பிக்கப்: டிஸ்க்கைக் கடைவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பகிர்வு: ஊட்டியிலிருந்து காய்கறி இறக்கும் பிக்கப் உரிமையாளர்

ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,900 மீட்டர் உயர வேறுபாடு இருக்கிறது. கேரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றிக்கொண்டு குன்னூர் வழியாகவோ கோத்தகிரி வழியாகவோ இறங்கும் வண்டியின் பிரேக், சமவெளியில் ஓடும் வண்டியின் பிரேக் ஒருபோதும் காணாத சூட்டைக் காண்கிறது. என் பிக்கப்புக்கு முன்னால் டிஸ்க் (இரு பக்கமும் பேட் அழுத்தி நிறுத்தும் வட்டத்தட்டு), பின்னால் டிரம் (உள்ளிருந்து ஷூ அழுத்தி நிறுத்தும் உருளை). மலை இறங்கிக் காரமடைப் பக்கம் நேர்ச்சாலையில் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது பிரேக்கை மெதுவாக அழுத்தினால் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக உதறும். பெடலும் காலடியில் துடிக்கும். வேகம் 30-க்குக் கீழே வந்ததும் அடங்கிவிடும். பிரேக்கைத் தொடாத வரை எந்த ஆட்டமும் இல்லை என்பதால் வீல் பேலன்ஸிங், டயர் வீக்கம் ஆகியவற்றை முதலிலேயே ஒதுக்கிவிட முடிந்தது.

நான் வழக்கமாக விடும் பணிமனையில் டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லி, லேத்தில் கொடுத்துக் கடைந்து (மேற்பரப்பைச் சீவிச் சமமாக்கி), புதிய பேட் போட்டுத் தந்தார்கள். வண்டி நன்றாகத்தான் நின்றது. ஆனால் சில வாரங்களில் அதே உதறல் திரும்பியது. மறுபடியும் கடைய வேண்டும் என்றார்கள். டிஸ்க்கில் அதன் குறைந்தபட்சக் கனம் பொறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கடைசலும் வண்டியை அந்த எல்லைக்கு அருகே கொண்டுபோகிறது. கனம் குறையக் குறைய டிஸ்க் சூட்டை உள்வாங்கும் திறனும் குறைவதால், அடுத்த உதறல் முன்னைவிட விரைவில் வருகிறது. காரணத்தைத் தேடாமல் கடைந்துகொண்டே போவது உரிமையாளரின் பணத்தை மட்டுமல்ல, மலைப்பாதையில் அவருடைய பாதுகாப்பையும் தின்கிறது என்பது என் உறுதியான கருத்து.

பிறகு மேட்டுப்பாளையத்தில் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் டிஸ்க்கைக் கழற்றும் முன் நான்கு சக்கரங்களையும் கழற்றி, பிரேக் பாகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். முன் டிஸ்க்கில் ஆங்காங்கே நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தன. மைக்ரோமீட்டரை வைத்து டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடங்களில் கனம் அளந்தபோது, அந்தத் திட்டுகளில் கனம் மாறுபட்டது. சூட்டில் டிஸ்க் தட்டுபோல நெளிந்துவிடுகிறது என்றுதான் நாம் பேசிக்கொள்கிறோம். பெரும்பாலான வண்டிகளில் உண்மையில் நடப்பது இந்தக் கன வேறுபாடு. அது 0.02 மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தாலே பெடலில் தெரியத் தொடங்கிவிடும்.

அடுத்து பின் டிரம்மைத் திறந்தார். முன் பேட் தேய்ந்து மெலிந்திருக்க, பின் ஷூவின் லைனிங் (டிரம்மோடு உரசும் மேலுறை) ஏறக்குறைய புதிதாகவே இருந்தது. மேற்பரப்பு மட்டும் பளபளத்தது. முழு லோடு ஏற்றி மலை இறங்கும் வண்டியில் பின் பிரேக் இப்படிச் சும்மா இருந்திருக்கக் கூடாது. அவர் வண்டிக்கு அடியில் படுத்து, பின் ஆக்ஸில் எனும் அச்சிலிருந்து சேஸிஸ் எனும் அடிச்சட்டத்துக்குப் போகும் ஒரு மெல்லிய கம்பியைக் காட்டினார். பல பிக்கப்களில் லோடுக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. லோடு ஏறிச் சேஸிஸ் தாழ்ந்தால் அந்தக் கம்பி நகர்ந்து, பின் சக்கரங்களுக்கு அதிக அழுத்தம் விடும். என் வண்டியில் பாரம் தாங்குவதற்காகப் பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டிருந்தது. அதனால் லோடு ஏற்றியும் சேஸிஸ் தாழவில்லை. வால்வுக்கு வண்டி காலியாக இருப்பதாகவே தெரிந்தது. இறக்கம் முழுவதும் முன் டிஸ்க் தன் பங்கோடு பின் டிரம்மின் பங்கையும் சுமந்து காய்ந்திருக்கிறது.

மறுமொழி: கம்பம், ஏலக்காய் ஏற்றும் ஓட்டுநர்

ஐயா சொன்னது ஸ்டீயரிங் உதறல். என் வண்டியில் ஸ்டீயரிங் அசையாமல் இருக்கும். இருக்கையும் தரையும்தான் அதிரும், பெடலும் மெதுவாக மேலெழும்பி இறங்கும். இது பெரும்பாலும் பின் டிரம்மின் குறி. உறுதிசெய்ய ஒரு எளிய சோதனை உண்டு. ஆளரவமற்ற நேரான, காய்ந்த சாலையில், 40 கிலோமீட்டர் அளவு வேகத்தில், கால் பிரேக்கைத் தொடாமல், ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிள் பின் ஷூவை மட்டுமே இயக்கும் வண்டிகளில் அப்போதும் அதிர்வு வந்தால் குற்றம் பின்னால்தான் இருக்கிறது. ஈரச் சாலையில் இதைச் செய்யவே கூடாது. பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும்.

குமுளி மலை இறங்கிய கையோடு, டிரம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து நிறுத்தும் வழக்கம் எங்கள் பக்கத்தில் நிறையப் பேரிடம் இருக்கிறது. ஷூ அழுத்திப் பிடித்த நிலையிலேயே டிரம் ஆறினால் அதன் வட்டம் கெட வாய்ப்பு உண்டு. சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சூடு தணிந்த பின் ஹேண்ட் பிரேக் இழுப்பது நல்லது. டிரம்மைக் கடைவதாக இருந்தால், அதில் பொறித்திருக்கும் அதிகபட்ச உள்விட்டத்தைத் தாண்டக் கூடாது. இரு பக்க டிரம்களையும் ஒரே அளவுக்குக் கடைய வேண்டும்.

மறுமொழி: ஓசூர், பணிமனை நடத்துபவர்

டிஸ்க்கைக் கடைந்த உடனே வண்டி சரியாக ஓடி, சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து உதறுவதற்கு இன்னொரு பொதுவான காரணம் பொருத்தும் முறை. டிஸ்க், ஹப்பின் (சக்கரம் பொருந்தும் மையப் பாகம்) மேல் வந்து அமரும் வகை வண்டிகளில், ஹப் முகத்தில் ஒரு துருத்துணுக்கு இருந்தாலும் டிஸ்க் சாய்ந்து உட்காரும்; அங்கே உள்ள சிறு சாய்வு டிஸ்க்கின் விளிம்பில் பெரிதாகத் தெரியும். சாய்ந்த டிஸ்க், பிரேக் அழுத்தாதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் பேட்டை ஒரே இடத்தில் உரசிக்கொண்டே இருக்கும். அந்த இடம் மெல்லத் தேய்ந்து கனம் மாறிய பிறகே உதறல் தொடங்கும். இதனால்தான் பொருத்திய அன்று யாருக்கும் எதுவும் தெரிவதில்லை.

நாங்கள் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, டிஸ்க்கை நட்டுகளால் இறுக்கி, சிறு ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜின் முனையை விளிம்பிலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே வைத்துச் சுழற்றிப் பார்க்கிறோம். பல வண்டிகளின் சர்வீஸ் கையேடுகள் 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரைதான் ஆட்டத்தை அனுமதிக்கின்றன. வீல் பேரிங்கில் லூஸ் இருந்தால் இந்த அளவே பொய்யாகிவிடும் என்பதால் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது முதல் வேலை. வீல் நட்டுகளை ஏர் கன்னால் மனம்போல அடிப்பதும் டிஸ்க்கைத் திருகிவிடும். எதிரெதிர் நட்டுகளாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கையேட்டின் அளவுக்கு இறுக்க வேண்டும். பேட்டைப் பிடித்து அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின் (காலிப்பர் நகர்வதற்கான ஊசி) துருப்பிடித்து நகராவிட்டால் உள்பேட் ஒரு கனமும் வெளிப்பேட் ஒரு கனமுமாகத் தேய்ந்திருக்கும். பேட்டைக் கழற்றும் எவரும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

மெதுவாக நிற்கப்போகும் நேரத்தில் பெடல் கரகரவென்று வேகமாகத் துடித்தால் அது வேறு கதை. அப்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் சென்சாரையும் அதன் பல்வளையத்தையும் பார்க்க வேண்டும். டிஸ்க்கைத் தொட வேண்டியதில்லை.

கேள்வி: ஊட்டி உரிமையாளர்

ஓசூர் அண்ணாவிடம் ஒரு சந்தேகம். கூடுதல் பட்டையை வைத்துக்கொண்டே, வால்வின் கம்பியை மட்டும் மாற்றி அமைத்துப் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கிடைக்கச் செய்யலாமா? இங்கே சிலர் அப்படித்தான் செய்து தருகிறார்கள்.

பதில்: ஓசூர், பணிமனை நடத்துபவர்

வேண்டாம் ஐயா. அப்படி அமைத்தால் லோடோடு போகும்போது சரியாகத் தோன்றும். லோடை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு மழையில் திரும்பும்போது, கனமில்லாத பின் சக்கரங்களுக்கும் அதே அழுத்தம் போய், முன் சக்கரத்துக்கு முன்பே பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் அதன் விளைவை நான் சொல்ல வேண்டியதில்லை. கூடுதல் பட்டையைக் கழற்றி, அனுமதிக்கப்பட்ட எடையை மட்டும் ஏற்றி, கம்பியின் நீளத்தைக் கையேட்டில் உள்ள அளவுக்குத் திருப்பி அமைத்து, பளபளப்பான பின் லைனிங்கை மாற்றுங்கள். அதன் பிறகு புதிய டிஸ்க்கும் பேட்டும் போடுங்கள். முதல் சில நாட்கள் கடும் பிரேக்கைத் தவிர்த்து, 60-லிருந்து 10 வரை நிதானமாக வேகம் குறைத்து, இடையில் ஆறவிட்டுப் பழக்குங்கள். சூடேறிய பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி நிற்க வேண்டாம். பேட்டின் பொருள் அந்த இடத்தில் ஒட்டிப் புதிய திட்டு உருவாகும்.

இறக்கம் முடிந்ததும் அகச்சிவப்பு வெப்பமானியைப் பிடித்து நான்கு சக்கரங்களின் சூட்டையும் பாருங்கள், கையால் தொட்டுவிடாதீர்கள். முன் டிஸ்க் சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு. லோடோடு இறங்கிய பின்னும் பின் டிரம் ஏறக்குறைய ஆறிப்போனது போல இருந்தால் வால்வு இன்னும் வேலை செய்யவில்லை. ஒரே ஆக்ஸிலில் ஒரு பக்கம் மட்டும் மிகக் கொதித்தால் காலிப்பரையோ ஷூவையோ மறுபடி பிரித்துப் பாருங்கள்.