புதுப்பிப்பு: பில்லிங் மென்பொருளிலிருந்து தண்டர்பேர்டுக்கு மெயில் போகவில்லை – தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. ராணிப்பேட்டை தோல் கம்பெனி ஆபீஸ் கணினியில் இன்வாய்ஸை 'மெயிலில் அனுப்பு' என்று கொடுத்தால், தண்டர்பேர்டு என்ற மெயில் புரோகிராம் இருந்தும், டீஃபால்ட் மெயில் புரோகிராம் இல்லை என்று வந்த பிரச்சினை இது.

விண்டோஸ் செட்டிங்ஸில் டீஃபால்ட்டை மாற்றச் சொன்ன யோசனை பலிக்கவில்லை. அது 'மெயில்-டு' லிங்க்கை (வெப் பக்கத்தில் கிளிக் செய்தால் மெயில் எழுதத் திறக்கும் லிங்க்) மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். பில்லிங் மென்பொருள் கேட்பது சிம்பிள் மேப்பி (ஒரு புரோகிராம் மெயில் புரோகிராமை அழைத்து மெயில் அனுப்பச் சொல்லும் விண்டோஸ் வழி). அது ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) சாஃப்ட்வேர் → கிளையண்ட்ஸ் → மெயில் கீயைப் பார்க்கிறது.

வேலூர் நண்பர் சொன்னதுதான் சரி: ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷினுக்கு (எல்லா யூசருக்கும் பொதுவான பகுதி) முன் கரண்ட் யூசரை (இப்போது லாகின் செய்திருக்கும் யூசருக்கு மட்டுமான பகுதி) பாருங்கள். லோக்கல் மெஷினில் தண்டர்பேர்டு சரியாகவே இருந்தது. ஆனால் கரண்ட் யூசரில் எப்போதோ அன்இன்ஸ்டால் செய்த பழைய புரோகிராமின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது, முன்னுரிமை கரண்ட் யூசருக்குத்தான். கீயை எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு, டீஃபால்ட் மதிப்பில் 'மொசில்லா தண்டர்பேர்டு' என்று ஆங்கிலத்தில் போட்டதும் சரியானது. லோக்கல் மெஷினில் உள்ள சப்-கீயின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், நடுவில் உள்ள இடைவெளி உட்பட.

எதிர்பாராத ஒன்று: பில்லிங் ஷார்ட்கட்டில் 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' டிக் இருந்தால் மறுபடி பிழை வருகிறது. இரண்டு புரோகிராமும் ஒரே அனுமதி நிலையில் ஓட வேண்டும். டிக்கை எடுத்ததும் பிடிஎஃப் இணைப்போடு கம்போஸ் விண்டோ திறக்கிறது.