16 மி.மீ. குழுப் படம்: கோடுகளை நேராக்கினால் ஓரத்தில் இருப்பவர்கள் அகலமாகிறார்கள்

மாலைவெயில் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. ஓய்வு பெறும் எங்கள் நூலகருக்காக, வாசிப்பு அறையிலேயே எல்லோரையும் நிற்கவைத்து ஒரு குழுப் படம் எடுத்தேன். அறை சின்னது, பின்னால் போக இடமில்லை. அதனால் ஃபுல் ஃப்ரேம் (36×24 மி.மீ. சென்சார்) கேமராவில், மிக அகலமாகக் காட்டும் 16 மி.மீ. லென்ஸ். சுவரின் உச்சியில் இருக்கும் பழைய கடிகாரமும் வரவேண்டும் என்று கேமராவைச் சற்று மேல்நோக்கிப் பிடித்தேன்.

படத்தில், பின்னால் உள்ள புத்தக அலமாரியின் மேல்பலகை வில் போல வளைந்திருக்கிறது. அலமாரிகளின் பக்கங்கள் மேலே போகப் போக உள்ளே சாய்கின்றன. இரண்டு ஓரத்திலும் நிற்பவர்களின் முகம் பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது. கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் லென்ஸ் டிஸ்டார்ஷன் ஃபில்டரைப் போட்டு 'மெயின்' ஸ்லைடரை மைனஸ் பக்கம் தள்ளினேன். பலகை நேரானது, ஆனால் ஓரத்தில் இருப்பவர்கள் முன்பைவிட அகலமாகிவிட்டார்கள். இது மென்பொருளின் கோளாறா? பெரிதாக அச்சிட்டு அவருக்குக் கொடுக்கப் போகிறோம். ஓரத்தில் நிற்கும் இருவரும் அவரோடு நெடுங்காலம் வேலை பார்த்தவர்கள், அவர்கள் அவர்களாகவே தெரியவேண்டும்.

கோணமானி பதில்:

மென்பொருள் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. உங்கள் படத்தில் மூன்று வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. மூன்றையும் 'டிஸ்டார்ஷன்' என்ற ஒரே பெயரில் சொல்வதால்தான் குழப்பம்.

பலகை வளைந்தது லென்ஸின் குறை. நடுவைவிட ஓரத்தில் உருப்பெருக்கம் குறைவதால் கோடுகள் வெளிப்பக்கம் புடைக்கும், இதுதான் பேரல் டிஸ்டார்ஷன். பெரும்பாலான லென்ஸ்களுக்கு அவற்றின் வளைவை அளந்து வைத்த புரொஃபைல் இருப்பதால் இதைச் சரிசெய்வது எளிது. டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் உள்ள லென்ஸ் கரெக்ஷன், லென்ஸ்ஃபன் என்ற திறந்த தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறது, காசு கொடுத்து வாங்கும் லைட்ரூமில் அடோபியின் சொந்த புரொஃபைல்கள் இருக்கின்றன. கையால் ஸ்லைடரைத் தள்ளுவதைவிட இது நல்லது. சில வைட் லென்ஸ்களில் நடுப்பகுதி வெளியே புடைத்து, ஓரம் திரும்ப உள்ளே வளையும், மீசை மாதிரி. அதை ஒரே ஸ்லைடரால் நேராக்க முடியாது. கிம்ப்பில் 'மெயின்' ஒரு பக்கமும் 'எட்ஜ்' எதிர்ப்பக்கமும் போகவேண்டியிருக்கும்.

அலமாரி சாய்ந்ததற்கு லென்ஸ் பொறுப்பில்லை. கேமரா மேல்நோக்கிச் சாய்ந்தால் எந்த லென்ஸிலும் செங்குத்துக் கோடுகள் மேலே குவியும். வைட் லென்ஸில் அது பளிச்சென்று தெரிகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம், ஆனால் அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஓரத்து முகம் இழுபடுவது லென்ஸின் குறையே இல்லை. குறையே இல்லாத 16 மி.மீ. லென்ஸிலும் அது நடக்கும். எல்லா நேர்கோடும் நேராகவே விழவேண்டும் என்று ஒரு தட்டையான பரப்பில் காட்சியைப் பதித்தால், நடுவிலிருந்து விலக விலக உருண்டையான பொருட்கள் வெளிநோக்கி நீளும். பந்து முட்டை வடிவமாகும், தலையும் அப்படித்தான். 16 மி.மீ. படத்தின் இடது, வலது விளிம்புகள் நடுவிலிருந்து சுமார் 48 டிகிரி விலகி இருக்கின்றன. அங்கே ஒரு தலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலமாகும். 24 மி.மீ.யில் அதே விளிம்பில் 1.25 மடங்குதான். உங்கள் லென்ஸின் பேரல் டிஸ்டார்ஷன் ஓரங்களை அமுக்கி இந்த நீட்சியைக் கொஞ்சம் மறைத்திருந்தது. பலகையை நேராக்கியதும் மறைந்திருந்தது வெளியே வந்துவிட்டது.

ஆக, பலகையும் நேராக இருக்கவேண்டும், ஓரத்து முகங்களும் இயல்பாக இருக்கவேண்டும் என்றால் இவ்வளவு அகலக் கோணத்தில் இரண்டும் சேர்ந்து முழுமையாக நடக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். நான் முகங்களைத்தான் தேர்ந்தெடுப்பேன். அலமாரிப் பலகை கொஞ்சம் வளைந்திருந்தால் யார் மனமும் நோகாது. தன் முகம் அகன்று தெரியும் படத்தை ஒருவர் சுவரில் பார்த்துக்கொண்டே இருக்க நேர்ந்தால் நோகும்.

நல்ல செய்தி, செங்குத்துக் கோடுகளை நேராக வைத்துக்கொண்டே முகங்களைத் திரும்பக் கொண்டுவர முடியும். கிடைக்கோடுகள் மட்டும் கொஞ்சம் வளையும். குழுப் படத்தில் அவற்றில் பெரும்பகுதியை மனிதர்களே மறைத்துவிடுவார்கள். ஹூகின் என்ற இலவச மென்பொருளில் பனீனி என்ற ப்ரொஜெக்ஷன், அதாவது காட்சியைத் தட்டையான படமாக விரிக்கும் முறை, இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் ரோம் நகரத்துக் கட்டடங்களின் பரந்த உட்புறங்களை வரைந்த ஜோவானி பாவ்லோ பனீனியின் பெயர்தான் அது.

முதலில் டார்க்டேபிளில் லென்ஸ் கரெக்ஷன் மட்டும் போட்டு டிஃப் (TIFF) கோப்பாக எடுங்கள். க்ராப் வேண்டாம், அந்த மாட்யூலில் ஸ்கேலும் 1-இலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் 16 மி.மீ. என்ற கணக்கு மாறிவிடும். ஹூகினில் அந்த ஒரு படத்தை ஏற்றி, சாதாரண நேர்கோட்டு லென்ஸ், 16 மி.மீ., க்ராப் ஃபேக்டர் 1 (ஃபுல் ஃப்ரேமுக்கு உரிய எண்) என்று கொடுங்கள். அலமாரி விளிம்புகளில் செங்குத்துக் கோட்டுக்கான கன்ட்ரோல் பாயின்ட்களை (இந்தக் கோடு நிமிர்ந்திருக்கவேண்டும் என்று காட்டும் குறிப்புள்ளிகளை) இடமும் வலமும் வைத்து ஆப்டிமைஸ் செய்தால் சாய்வு போய்விடும். அப்புறம் ப்ரொஜெக்ஷனில் பனீனி ஜெனரலைத் தேர்ந்தெடுங்கள். அதில் கிடைமட்ட அழுத்தத்துக்கு ஒரு ஸ்லைடர் உண்டு. 0 என்றால் நேர்கோட்டுப் படம், 100 என்றால் முழு பனீனி. ஓரத்து இருவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இடையில் எங்காவது நிறுத்துங்கள்.

நிழல்வரி பதில்:

கோணமானி அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ரா ஃபைலிலிருந்து, அதாவது கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலக்கோப்பிலிருந்து தொடங்குங்கள். பல கேமராக்கள் ஜேபெக்கை எழுதும்போதே லென்ஸ் திருத்தத்தைச் செய்துவிடும். அதன்மேல் புரொஃபைலை மறுபடி போட்டால் பலகை எதிர்ப்பக்கம், அதாவது நடுவில் உள்ளே குழிந்து வளையும். மொபைலின் அல்ட்ரா வைட் படங்களிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் பரவாயில்லை என்றால் டிஎக்ஸ்ஓ வியூபாயின்டில் இந்த முக நீட்சிக்கென்றே வால்யூம் டிஃபார்மேஷன் என்ற கருவி இருக்கிறது. ஒரே ஸ்லைடரில் வேலை முடியும்.

மாலைவெயில்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஹூகினில் செய்து பார்த்தேன். ஸ்லைடர் 60-ஐத் தாண்டியதும் ஓரத்து இருவரும் அவர்களாகவே தெரிகிறார்கள், அலமாரியும் நிமிர்ந்து நிற்கிறது. கூரையை ஒட்டிய பலகை மட்டும் லேசாக வளைகிறது. அதைக் க்ராப் செய்தால் கடிகாரமும் போய்விடும், அதனால் அப்படியே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். இன்னொரு சந்தேகம். அடுத்த முறை எல்லோரையும் அரைவட்டமாக நிற்கவைத்தால் இந்தப் பிரச்சினை குறையுமா? அப்படித்தான் பலர் சொல்கிறார்கள்.

கோணமானி பதில்:

கடிகாரத்தை விடாதீர்கள், அந்த அறையின் அடையாளம் அது.

அரைவட்டம் வேண்டாம். வைட் லென்ஸில் ஒருவரின் உருவ அளவைத் தீர்மானிப்பது கேமராவிலிருந்து அவருக்கு உள்ள நேர்த்தூரம் இல்லை, கேமரா நோக்கும் திசையில் அவர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறார் என்பதுதான். கேமராவைச் சுற்றி வளைத்து நிறுத்தினால் ஓரத்தில் இருப்பவர்களின் ஆழம் குறையும், அவர்கள் நடுவில் இருப்பவர்களைவிடப் பெரிதாகத் தெரிவார்கள். நீட்சியும் சேர்ந்துகொள்ளும். பின்சுவருக்கு இணையாக நேர்வரிசையில் நிறுத்துங்கள். ஒரே வரிசையைவிட மூன்று வரிசை நல்லது, குழு ஒடுங்கி நடுப்பக்கம் வந்துவிடும். இரண்டு ஓரங்களிலும் அலமாரி மட்டும் தெரியும்படி கொஞ்சம் இடம் விடுங்கள். கேமராவை மார்பு உயரத்தில் சாயாமல் மட்டமாக வையுங்கள். மேலே கடிகாரம் வரவில்லையென்றால் செங்குத்தாகச் சேர்த்து ஒட்ட மேல்பகுதிக்கென்று இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் ஹூகினே இணைத்துவிடும்.